கல்லறைத் திருநாளுக்கு முன் நாலு வார வேதபாடம்: எந்தப் பகுதியில் தொடங்குவது?

காக்ஸ்டவுன்_வேதபாடம்:

ஸ்தோத்திரம். நவம்பர் 2-க்கு முன்னால், அக்டோபரில் நாலு வெள்ளிக்கிழமை, வாரம் 50 நிமிடம், பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு வீட்டில் தமிழ் வேதபாடம் நடக்கிறது. பொருள், மரணத்துக்குப் பின் என்ன. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), பெந்தெகொஸ்தே, பிரதரன் சபை, ஓய்வுநாள் சபை என்று ஒரே குடும்பத்துக்குள்ளேயே கலந்திருக்கிறவர்கள் வருகிறார்கள். கல்பள்ளி, ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டங்களில் ஒரே கல்லறையைச் சுற்றி நின்று மெழுகுவத்தி ஏற்றப்போகிறவர்கள். பேச்சு சண்டையில் முடியக்கூடாது, அதற்காக மழுப்பலாகவும் போய்விடக்கூடாது.

இப்போதைக்குப் போட்டிருக்கும் வரிசை: முதல் வாரம் ஐசுவரியவானும் லாசருவும் (லூக்கா 16, மரித்தபின் பாதாளத்தில் வேதனைப்படும் பணக்காரன், ஆறுதலடையும் ஏழை லாசருவின் விரல்நுனியில் ஒரு துளித் தண்ணீர் கேட்கும் பகுதி), அடுத்தது 1 தெசலோனிக்கேயர் 4, மூன்றாவது தானியேலின் எழுபது வாரம் (தானியேல் 9), கடைசியாக வெளிப்படுத்தல் 20. இதில் எங்கே இடறும்? திருத்திச் சொல்லுங்கள்.

உபதேசியார்_லிங்கராஜபுரம்:

தம்பி, லூக்கா 16-ல் தொடங்காதீர்கள். முதல் பத்து நிமிடத்திலேயே "இது உவமையா, நடந்ததா?" என்று ஆரம்பித்து 50 நிமிடமும் அதிலேயே போய்விடும். அந்த அதிகாரம் பணத்தைப் பற்றியது. 14-ம் வசனம் பரிசேயரைப் பொருளாசைக்காரர் என்கிறது, அதற்குப் பதிலாகத்தான் ஐசுவரியவான் வருகிறான். முத்தாய்ப்பு 31-ல் இருக்கிறது: மோசேக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் செவிகொடாதவன், மரித்தோரிலிருந்து ஒருவன் எழுந்துபோனாலும் நம்பமாட்டான். மறுமையின் வரைபடம் கேட்டு அங்கே போகிறவர்கள் நாவு, விரல், தண்ணீர்த்துளி எல்லாம் எங்கிருந்து வந்தன என்று சொல்லியாக வேண்டும். சரீரம் 22-ம் வசனத்திலேயே அடக்கமாகிவிட்டதே. வெறும் உவமை என்கிறவர்களுக்கும் ஒரு கடன் உண்டு. மரித்தவர்களுக்கு உணர்வே இல்லையென்றால், உணர்வோடு பேசும் இருவரை வைத்து ஆண்டவர் ஏன் சொன்னார்?

இன்னொன்று. ஐந்து சகோதரர் இன்னும் வீட்டில் உயிரோடு இருக்கிறார்கள். ஆகவே இது கடைசி நியாயத்தீர்ப்புக்கு முந்திய காட்சி. அவன் இருப்பது பாதாளத்தில், அக்கினிக்கடலில் இல்லை. வெளிப்படுத்தல் 20:14-ல் பாதாளமே அக்கினிக்கடலில் தள்ளப்படுகிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் அந்த வசனத்துக்குப் பொருளே இல்லாமல் போகும்.

முதல் நாள் வெள்ளைப் பலகையில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் "இப்போது", வலப்பக்கம் "அந்த நாளில்". இருபது வசனத்தைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து, எது எந்தப் பக்கம் என்று அவர்களையே ஒட்டச் சொல்லுங்கள். பிலிப்பியர் 1:23, 2 கொரிந்தியர் 5:8, வெளிப்படுத்தல் 6:9, பிரசங்கி 9:5, சங்கீதம் 146:4 இவையெல்லாம் இடப்பக்கம் போகும். யோவான் 5:28-29, 1 கொரிந்தியர் 15, 1 தெசலோனிக்கேயர் 4, மத்தேயு 25, தானியேல் 12:2 வலப்பக்கம். நம்முடைய வாக்குவாதத்தில் பாதி, ஒரு பக்கத்து வசனத்தால் மறுபக்கத்துக் கேள்வியை அடிப்பதால் வருவது. 1 தெசலோனிக்கேயர் 4-ஐ வாசித்துவிட்டு "அம்மா இப்போது ஆகாயத்தில் கர்த்தரோடு" என்று அடக்க ஆராதனையில் சொல்கிறார்கள். அந்த வசனமோ எக்காளம் தொனிக்கும் நாளைப் பற்றியது.

விழித்தெழும்_நாள்:

உபதேசியார் ஐயா, பலகை யோசனை நல்லது. ஆனால் இடப்பக்கத்தில் பிரசங்கியையும் (மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்) பிலிப்பியரையும் (பிரிந்துபோய்க் கிறிஸ்துவோடு இருப்பது) அருகருகே ஒட்டினால் அவை ஒன்றையொன்று வெட்டும். அங்கேதான் ஓய்வுநாள் சபையார் பேசுவார்கள். மரித்தவர் உயிர்த்தெழும் நாள்வரை உணர்வில்லாமல் நித்திரையில் இருக்கிறார் என்கிற அவர்கள் வாதத்தை அதன் பலத்தோடு வைக்கிறேன், யாரும் லேசாகத் தள்ளிவிடக்கூடாது என்பதற்காக.

லூக்கா 16-ன் லாசரு இல்லை, ஆண்டவர் எழுப்பிய பெத்தானியா லாசரு மரித்ததை ஆண்டவரே நித்திரை என்றார் (யோவான் 11:11-14). நாலு நாள் கல்லறையில் கிடந்தவன் வெளியே வந்து எதையும் பார்த்ததாக ஒரு வார்த்தை இல்லை. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, தாவீதின் கல்லறை இந்நாள்வரைக்கும் நம்மிடத்தில் இருக்கிறது, தாவீது பரலோகத்துக்கு எழுந்துபோகவில்லை என்கிறார் (அப்போஸ்தலர் 2:29, 34). தானியேலுக்குக் கிடைத்த கடைசி வாக்கும் இளைப்பாறு, நாட்களின் முடிவிலே எழுந்திருப்பாய் என்பதுதான் (12:13). எல்லாவற்றிலும் கனமானது 1 கொரிந்தியர் 15:18. உயிர்த்தெழுதல் இல்லையென்றால் கிறிஸ்துவுக்குள் நித்திரையடைந்தவர்கள் கெட்டிருப்பார்கள் என்கிறார் பவுல். ஆத்துமா ஏற்கெனவே பேரின்பத்தில் இருந்தால் எப்படிக் கெட்டிருக்கும்? இந்த ஒரு வசனத்துக்கு நேர்ப்பதில் தயாராக வையுங்கள்.

உபதேசியார்_லிங்கராஜபுரம்:

நேர்மையான கேள்வி பிரதர். 15:18-க்கு என் பதில், பவுலுக்குக் கிறிஸ்து எழுந்திராவிட்டால் எதுவுமே நிற்காது, பாவமன்னிப்பும் சேர்த்து. முந்தின வசனமே "நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள்" என்கிறது. பாவத்தோடு மரித்தவன் கெட்டவன். ஆகவே அந்த வாதம் மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவிலுள்ள இடைக்கால நிலையைத் தொடவில்லை, மன்னிப்பைத் தொடுகிறது.

சிலுவையில் ஆண்டவர் கள்ளனுக்குச் சொன்ன "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்பதில் வரும் "இன்றைக்கு" பற்றியும் கேட்பார்கள். கிரேக்கத்தில் ஆதியில் நிறுத்தக்குறி இல்லை, ஆகவே "இன்றைக்குச் சொல்லுகிறேன்" என்று படிக்கலாம் என்பது வாதம். இலக்கணப்படி முடியும். ஆனால் மாற்கு 14:30-ல் அதே "மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்" என்ற முன்னுரையோடு ஆண்டவர் பேதுருவிடம் பேசும்போது "இன்றைக்கு இந்த இராத்திரியிலே" என்பது மறுதலிப்போடு போகிறது, சொல்வதோடு போகவில்லை. கள்ளனும் "உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது" என்று ஒரு தூர நாளைக் கேட்டான், பதிலாக இன்றைய நாள் கிடைத்தது. அந்தப் பதிலின் இனிமையே அதில்தான் இருக்கிறது.

நித்திரைக் கொள்கையை நேற்றுக் கிளம்பிய துர்உபதேசம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். சீர்திருத்தத்தைத் தொடங்கிய லுத்தரே அந்த மொழியில் நிறையப் பேசியிருக்கிறார். இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் அதை எதிர்த்து 1534-ல் தனி நூலே எழுதினார், 1542-ல் அச்சானது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1553-ம் வருட 42 பிரமாணங்களில் 40-வது ஆத்தும நித்திரையை மறுத்தது, 41-வது கிறிஸ்து பூமியில் ஆயிர வருடம் ஆளுவார் என்கிறவர்களை, 42-வது கடைசியில் எல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள் என்பதை. 1563-ல் திருத்தியபோது இந்த மூன்றும் எடுக்கப்பட்டன. நம் சி.எஸ்.ஐ.க்குள் ஆங்கிலிக்கன் வழியாக வந்தவர்களின் கையில் இருந்த 39 பிரமாணங்களில் அவை கிடையாது. ஆகவே "சபை இதைச் சபித்திருக்கிறது" என்று அந்தப் பக்கமிருந்து யாராவது சொன்னால், எந்தப் பிரமாணம் என்று கேளுங்கள்.

மெழுகுவத்தி_ஷிவாஜிநகர்:

ஆர்.சி. தரப்பில் இருந்து. உபதேசியார் ஐயா வரலாறு சொன்னதால் எங்கள் பக்கத்தையும் சேர்க்கிறேன். பாப்பு இருபத்திரண்டாம் யோவான் 1331 சகல பரிசுத்தர் திருநாளில் ஆவிஞ்ஞோனில் ஒரு பிரசங்கம் செய்தார். மரித்த நீதிமான்கள் கடைசித் தீர்வை வரைக்கும் கடவுளை முகமுகமாய்க் காண்பதில்லை என்று. பாரீஸ் இறையியல் அறிஞர்கள் எதிர்த்தார்கள். 1334-ல் மரணப்படுக்கையில் அதை விலக்கிக்கொண்டார். அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336 ஜனவரி 29-ல், சுத்திகரிக்க ஒன்றுமில்லாத ஆத்துமாக்கள் உடனே கடவுளைக் காண்கின்றன என்று வரையறுத்தார். உங்கள் பலகையின் இடப்பக்கம் எங்களுக்கு அன்றோடு முடிவான விஷயம்.

உத்தரிக்கிற ஸ்தலத்தை, அதாவது மோட்சத்துக்கு முன் ஆத்துமாக்கள் சுத்திகரிக்கப்படும் நிலையைப் பற்றி இரண்டு தவறான எண்ணம் கட்டாயம் வரும். ஒன்று, அது இரண்டாவது வாய்ப்பு என்பது. அப்படியில்லை, தேவ இஷ்டப்பிரசாதத்தில் (கடவுளின் அருளில்) மரித்தவர்களுக்கு மட்டும்தான். அங்கே இருக்கிற எல்லாரும் மோட்சத்துக்குப் போகிறவர்கள். இரண்டாவது, பணம் கொடுத்தால் விடுதலை என்பது. எங்கள் திருச்சபையின் திரிதெந்து (டிரென்ட்) சங்கம் 1563-ல் அந்தப் போதனையை உறுதிசெய்த அதே ஆணையிலேயே, அதைச் சுற்றிய இழிவான ஆதாயத்தை ஆயர்கள் தடுக்கவேண்டும் என்றும் சொன்னது. வேத ஆதாரமாக நாங்கள் காட்டுவது 2 மக்கபேயர் 12:43-45. இது பழைய தமிழ் வேதாகமத்தை வைத்திருக்கிறவர்கள் கையில் இருக்காது, திருவிவிலியத்தில் இருக்கும். ஆகவே பத்துப் பிரதி அச்செடுத்து வையுங்கள். இல்லையென்றால் பாதிப் பேர் பக்கம் புரட்டிக்கொண்டே இருப்பார்கள்.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் மரித்தோருக்காக ஜெபிக்கிறவர்கள் பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்புவின் கருத்துக்காக ஜெபம் ஆகியவற்றோடு, எந்தப் பாவத்திலும் பற்றில்லாமல் இருந்தால், ஆத்துமாக்களுக்குப் பரிபூரண பலன் (பாவத்தின் தண்டனையிலிருந்து முழு விடுதலை) உண்டு. கத்தோலிக்க உறவினர் அந்த வாரம் தினமும் கல்பள்ளிக்கு ஏன் போகிறார்கள் என்று மற்றவர்கள் கேட்டால் இதுதான் காரணம்.

காக்ஸ்டவுன்_வேதபாடம்:

அக்கா, நன்றி. கல்லறையில் பொது ஜெபம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று போன வருடமும் கேள்வி வந்தது. மரித்தவருக்காக ஜெபிக்கிறது கூடாது என்று பிரதரன் உறவினர் விலகி நின்றால் குடும்பத்துக்கே மனவருத்தம்.

மெழுகுவத்தி_ஷிவாஜிநகர்:

இரண்டாகப் பிரித்துவிடுங்கள் தம்பி. முதலில் மரித்தவருக்காக நன்றி சொல்லும் ஜெபம், துக்கப்படுகிறவர்களுக்கு ஆறுதல் கேட்கும் ஜெபம். இவற்றை எல்லாரும் சேர்ந்தே சொல்லலாம், ஒருவருக்கும் இடறல் இல்லை. அது முடிந்து ஆமென் சொன்னபிறகு, "இப்போது கத்தோலிக்க வழக்கப்படி" என்று ஒருவர் அறிவித்து நித்திய இளைப்பாற்றி ஜெபத்தை நாங்கள் சொல்கிறோம். அறிவிக்காமல் ஒரே ஜெபத்துக்குள் கலந்துவிட்டால்தான் பிரச்சினை. ஆமென் சொல்வதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

எழுபது_வாரம்:

மூன்றாவது வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தானியேல் 9-ஐ எடுத்துவிடச் சொல்வார்கள் என்று தெரிகிறது. வேண்டாம். ஜனங்களுக்கு வேதத்தின்மேல் நம்பிக்கை வருகிற இடம் அது. கணக்கைச் சொல்கிறேன்.

எருசலேமைத் திரும்பக் கட்டும் கட்டளை முதல் மேசியா வரைக்கும் ஏழு வாரமும் அறுபத்திரண்டு வாரமும் என்கிறது 9:25. அந்தக் கட்டளை பெர்சிய ராஜா அர்தசஷ்டாவின் 20-ம் வருடம் நிசான் மாதம் (நெகேமியா 2:1). ஏழு வாரமும் அறுபத்திரண்டு வாரமும் சேர்ந்து 69. வாரத்துக்கு 7 வருடம் என்றால் 483 வருடம். தீர்க்கதரிசன வருடம் 360 நாள். 42 மாதமும் 1260 நாளும் வெளிப்படுத்தல் 11:2-3-ல் ஒன்றாக வருவதும், நோவாவின் ஐந்து மாதம் 150 நாளாக இருப்பதும் ஆதாரம். 483-ஐ 360-ஆல் பெருக்கினால் 1,73,880 நாள். இந்தத் தீர்க்கதரிசனத்தைப் பற்றி எழுதிய சர் ராபர்ட் ஆண்டர்சன் கி.மு. 445 மார்ச் 14-ல் தொடங்கி கி.பி. 32 ஏப்ரல் 6-ல் முடித்தார், ஆண்டவர் கழுதைக்குட்டியின்மேல் பவனிவந்த நாள். எழுபதாவது வாரம் இன்னும் வரவில்லை. சபை கர்த்தரைச் சந்திக்க ஆகாயத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டபின் அது தொடங்கும்.

கணக்குப்_பார்க்கிறவர்:

பிரதர், இதே கணக்கை ஒவ்வொரு படியாகப் பார்த்துவிடலாம். வகுப்பில் யாராவது போனில் போட்டுப் பார்க்கத்தான் போகிறார்கள்.

445-க்கும் 32-க்கும் நடுவே 476 வருடம். பூஜ்யம் வருடம் கிடையாது என்பதால் கூட்டி 1 கழிக்கவேண்டும். ஆண்டர்சன் 476-ஐ 365-ஆல் பெருக்கி 1,73,740 எடுத்தார், மார்ச் 14 முதல் ஏப்ரல் 6 வரை 24 நாள் சேர்த்தார், லீப் நாள் 116 சேர்த்தார். மொத்தம் சரியாக 1,73,880. சிக்கல் அந்த 116-ல் இருக்கிறது. தேதிகள் ஜூலியன் நாட்காட்டியில் இருக்கின்றன, அதில் நாலு வருடத்துக்கு ஒரு லீப் நாள், 476 வருடத்துக்கு 119. கிரிகோரியன் கணக்கில்தான் 116 வரும். மூன்று நாள் இடிக்கிறது. அதோடு கி.பி. 32-ல் நிசான் 14 வெள்ளிக்கிழமையில் விழுவதில்லை. சிலுவை மரணத்துக்குப் பொதுவாக எடுக்கப்படுவது 30 ஏப்ரல் 7, அல்லது 33 ஏப்ரல் 3. இதைச் சரிசெய்ய வேத அறிஞர் ஹெரால்ட் ஹோனர் கி.மு. 444 மார்ச் 5-ல் தொடங்கி கி.பி. 33 மார்ச் 30-ல் முடித்தார். நெகேமியா 1:1-ல் கிஸ்லே மாதமும் 2:1-ல் அதற்குப் பின்வரும் நிசானும் ஒரே 20-ம் வருடத்தில் வருவதால் வருடம் இலையுதிர்காலத்தில் தொடங்கியது என்பது அவர் வாதம். அது நியாயமானது. ஆனால் கட்டளை எந்தத் தேதியில் பிறந்தது என்று வேதம் சொல்லவில்லை, மாதத்தை மட்டும் சொல்கிறது. ஆரம்ப நாள் தெரியாத கணக்குக்கு முடிவு நாள் எப்படி நாள்சுத்தமாய் வரும்?

கி.மு. 457-ல் தொடங்குகிறவர்கள் எஸ்றா 7-ஐ எடுக்கிறார்கள், சாதாரண வருடமாய் 483 போனால் கி.பி. 27, ஞானஸ்நானத்துக்கு அருகே வருகிறது. ஆனால் எஸ்றா 7-ன் நிருபம் ஆலய ஆராதனையைப் பற்றியது, நகரத்தைக் கட்டுவது அதில் வெளிப்படையாக இல்லை. இதே 457-ல் இருந்து தானியேல் 8:14-ன் 2300 இராப்பகலை வருடமாக எண்ணித்தான் அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் மில்லர் கர்த்தரின் வருகைக்கு 1843 என்ற வருடத்துக்கு வந்தார். பூஜ்யம் வருடம் இல்லாததைச் சேர்த்தால் 1844. அக்டோபர் 22 கடந்தது, கர்த்தர் வரவில்லை. எருசலேம் விழுந்தது கி.மு. 607 என்று தொடங்கி 2520 கூட்டி 1914 சொல்கிறவர்களும் உண்டு. எருசலேம் விழுந்தது கி.மு. 587 அல்லது 586 என்பதால் அது முதல் படியிலேயே நிற்காது.

செமினரிகளில் சொல்லும் அந்தியோகு எப்பிபானேஸ் (ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய சீரிய ராஜா) விளக்கத்திலும் ஓட்டை இருக்கிறது. கடைசி வாரம் கி.மு. 171-ல் பிரதான ஆசாரியன் ஓனியா கொல்லப்பட்டதில் இருந்து 164 வரை, நடுவில் 167-ல் ஆலயம் தீட்டுப்பட்டது. அது அழகாய்ப் பொருந்தும். முதல் ஏழு வாரமும் 587 முதல் 538 வரை பொருந்தும். நடுவிலுள்ள 62 வாரம் 434 வருடம், 538-க்கும் 171-க்கும் நடுவே இருப்பதோ 367. அறுபத்துச் சொச்சம் வருடம் குறைகிறது.

எழுபது_வாரம்:

மார்ச் 14-ஐ விட்டுக்கொடுக்கலாம், வரிசையை விடமாட்டேன். 9:26-ல் மேசியா சங்கரிக்கப்படுகிறார், அதற்குப் பிறகு நகரமும் பரிசுத்த ஸ்தலமும் அழிகிறது. கி.பி. 70-ல் ரோமத் தளபதி தீத்து ஆலயத்தை அழித்தான். மேசியா அதற்கு முன் வந்திருக்கவேண்டும் என்பதற்கு எந்தக் கால்குலேட்டரும் வேண்டாம்.

கணக்குப்_பார்க்கிறவர்:

அப்படியானால் வகுப்பில் அந்த வரிசையை மட்டும் சொல்லுங்கள், ஒருவரும் இடறமாட்டார்கள். நாளைப் பிடித்துத் தொங்கினால், கணக்கு உடைகிறபோது வசனமும் உடைந்ததாக இளம்பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு இருக்கிற ஒரே பயம் அதுதான்.

விழித்தெழும்_நாள்:

1844 பற்றி ஒரு திருத்தம். ஓய்வுநாள் சபை அந்த வருடத்தை வருகையின் நாளாகப் போதிக்கவில்லை. தானியேல் 8:14-ன் பரிசுத்த ஸ்தலம் பரலோகத்தில் உள்ளது, அன்று அங்கே நியாயவிசாரணை தொடங்கியது என்பதே போதனை. ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் வேறு. ஆனால் அவர்கள் சொல்லாததை அவர்கள் தலையில் வைக்கவேண்டாம்.

தானியேலில் கல்லறைக்கு வேண்டியது 9-ம் அதிகாரம் இல்லை. 12:2-தான், மண்ணின் தூளிலே நித்திரைபண்ணுகிறவர்கள் எழுந்திருப்பது. மூன்றாவது வாரத்தை அதற்குக் கொடுங்கள்.

கேள்வி_ஒன்று:

நரகத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? நித்தியமாய் வேதனையா, அழிந்துபோவதா?

உபதேசியார்_லிங்கராஜபுரம்:

சுருக்கமாய் அம்மா. மத்தேயு 25:46-ல் நித்திய ஆக்கினையும் நித்திய ஜீவனும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. ஒன்று முடிவில்லாதது என்றால் மற்றதும் அப்படியே என்பது சபையின் பெரும்பான்மை வாதம், வெளிப்படுத்தல் 14:11, 20:10 அதற்குத் துணை. எதிர்ப்பக்கம் மத்தேயு 10:28-ஐக் காட்டும், ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவர். மாற்கு 9:48-ன் சாகாத புழு ஏசாயா 66:24-ல் இருந்து வருகிறது, அங்கே புழு இருப்பது பிரேதங்களில். ஆங்கிலிக்கன் வேத ஆசிரியர் ஜான் ஸ்டாட் போன்ற ஒருவர் 1988-ல் இந்தப் பக்கம் தயக்கத்தோடு சாய்ந்தார். நான் 25:46-ல் நிற்கிறேன். ஆனால் இதைக் கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் எடுக்கவே கூடாது. விசுவாசமில்லாமல் மரித்த ஒரு பிள்ளையின் தாய் அந்த அறையில் உட்கார்ந்திருப்பார். இரண்டாவது வாரத்தில் வைத்தால், அவரோடு தனியே பேச உங்களுக்கு இரண்டு வாரம் இருக்கும்.

கேள்வி_ஒன்று:

இன்னொன்றும் ஐயா. பெங்களூரில் கல்லறை இடம் கிடைக்காமல் குடும்பக் குழியையே மறுபடி திறக்கிறார்கள், சிலர் தகனத்துக்குப் போகிறார்கள். எலும்பு கலந்துபோனால், சாம்பலானால் உயிர்த்தெழுதல்?

மெழுகுவத்தி_ஷிவாஜிநகர்:

1 கொரிந்தியர் 15:37-38. விதைக்கிறது மேனியில்லாத வெறும் விதை, மேனியைக் கொடுப்பவர் தேவன். எலும்பை எண்ணி வைத்துத்தான் எழுப்பவேண்டும் என்றால் கடலில் மாண்டவர்கள் கதி என்ன? வெளிப்படுத்தல் 20:13-ல் சமுத்திரமும் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவிக்கிறது. எங்கள் சபை 1963-ல் தகனத்தை அனுமதித்தது. 2016 அறிவுரையின்படி சாம்பலைத் தூவக்கூடாது, வீட்டில் வைக்கவும் கூடாது, கல்லறையிலோ பரிசுத்தமான இடத்திலோ வைக்கவேண்டும். ஆற்றில் கரைக்க நினைக்கிற குடும்பம் இருந்தால் முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் பேசிவிடச் சொல்லுங்கள்.

காக்ஸ்டவுன்_வேதபாடம்:

எல்லாருக்கும் நன்றி. மாற்றிய வரிசை: முதல் வாரம் பலகையும் இருபது சீட்டும், கடைசி 15 நிமிடம் நித்திரையா உணர்வா என்ற கேள்விக்கு இரு தரப்பும் 7 நிமிடம் வீதம். இரண்டாவது வாரம் நியாயத்தீர்ப்பும் நரகமும், அதற்குள்ளே லூக்கா 16. மூன்றாவது தானியேல் 12:1-3, 12:13, தேவையென்றால் 9:26-ன் வரிசை மட்டும். நாலாவது 1 கொரிந்தியர் 15 முழுவதும், முடிவில் கல்லறை ஜெப ஒழுங்கு. வெளிப்படுத்தல் 20-ஐ எடுத்துவிட்டேன். சரியா?

எழுபது_வாரம்:

வெளிப்படுத்தல் 20-ன் ஆயிர வருட அரசாட்சியை எடுத்தது எனக்கு வருத்தம். ஆனாலும் ஒத்துக்கொள்கிறேன், 50 நிமிடத்தில் அது அடங்காது. முதலாம் உயிர்த்தெழுதலில் உயிர்த்தார்கள் என்பதும், மற்றவர்கள் பிறகு உயிரடைவதும் ஒரே விதமாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன, ஒன்றை ஆவிக்குரியது மற்றதைச் சரீரம் என்று பிரிக்க முடியாது. இதை யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தார் யோவான் 5:28-ன் "ஒரே காலத்தை"க் காட்டுவார்கள், அதற்கும் பேசத் தயார்.

உபதேசியார்_லிங்கராஜபுரம்:

நாலாவது வாரம் 58 வசனமும் வாசிக்கவே எட்டு நிமிடத்துக்குக் குறையாது, இருவர் மாறி மாறி வாசிக்கட்டும். 29-ம் வசனத்தில் கட்டாயம் கை தூக்குவார்கள், மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் யார் என்று. பவுல் அதைச் செய்யச் சொல்லவில்லை, "அவர்கள்" என்று விலகி நின்று, உயிர்த்தெழுதலை நம்பாதவர்களிடம் அவர்களுக்குத் தெரிந்த ஒரு வழக்கத்தை எடுத்துக் கேட்கிறார். அதுவரை சொல்லிவிட்டு 35-க்குப் போய்விடுங்கள். 35 முதல் 44 வரைக்குத்தான் உங்கள் நேரம் வேண்டும்.